பன்னிரு சொற்களைப் பிரதியெடுத்த படலம்

வாழ்க, நகலுலக நாயகர்! வாழ்க, பச்சொளிப் பேழையின் அதிபதி! ஒரு தாளைப் பத்தாக்கவும் பத்தை நூறாக்கவும், இருபுறமும் அச்சேற்றி இடதுமூலையில் பின்னடித்துச் சூடு ஆறுமுன் நீட்டவும் வல்ல விரைகரத்து வீரர், மங்கிய சான்றிதழையும் கறுப்பேற்றிக் கண்திறக்க வைக்கும் மைவண்ண வேந்தர், கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர், கைப்பேசித் திரையில் நடத்திய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். சொல்லுக்கு அரசியே, நாவில் வந்து அமர்க! இணைய இணைப்பே, நீயும் தயவுசெய்து நடுவில் அறுந்து தொலையாதே.

போர் மூண்ட காரணம் கேளீர். நாயகரின் சகலை, அதாவது மனைவியின் அக்காள் கணவர், டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வழவழப்பான தரையைக் காட்டியே ஆளை வழுக்கி விழவைக்கும் வாய்ச்சாலகர். அவர் கிரிப்டோ நாணயம் பற்றிய இலவச இணையப் படிப்பொன்றை முடித்து, அதன் சான்றிதழுக்குப் பொன்னிறச் சட்டம் போட்டு, தம் வீட்டிலா மாட்டினார்? மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்! அதன் கீழ் உட்கார்ந்து அவர் ‘பிளாக்செயின்’ என்று ஒருமுறை உச்சரித்தால் போதும், மாமனார் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். நம் நாயகர் அதே கூடத்தில் கல்யாணமான நாளிலிருந்து பேசிவருகிறார். அந்தச் செய்தித்தாள் ஒருநாளும் மடிந்ததில்லை.

அத்தகைய சகலை ஒருநாள் கடைவாசலில் நின்று முழங்கினார்: “கலர் மெஷின் வாங்கப் பணம் வெச்சிருக்கீங்களே, அதைத் தூக்கி என் காயின்ல போடுங்க சகலை. மெஷின் என்ன மெஷின், கடையையே பெருசாக்கிடலாம்! ஞாயித்துக்கிழமை வர்றேன், முடிவு சொல்லுங்க.”

அந்தப் பணம் நாயகரின் மனைவி லேமினேஷன் செய்தும் புத்தகம் பைண்டிங் செய்தும் விரல்நுனி காய்த்துச் சேர்த்தது. அம்மாதரசி பசை டப்பாவை மூடிவிட்டு ஆணை பிறப்பித்தாள்: “நீங்க சொல்றதுதான் முடிவு. படிச்சுப் பாருங்க. புரிஞ்சா போடலாம். புரியலைன்னா, புரியலைன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க.”

ஐயகோ, அதைவிடக் கடினமான கட்டளை உண்டா? நம் நாயகருக்குத் தெரியாதது உண்டு. தெரியாதென்று சொன்னது கிடையாது. வழி கேட்டு வருபவரை, தாம் போயறியாத தெருவுக்குக்கூட இடம் வலம் சொல்லி அனுப்பிவைக்கும் தயாபரர் அவர். அப்படிப்பட்டவர் சகலையின் முகத்துக்கு நேரே ‘புரியல’ என்பதா? ஷட்டரை இழுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விடலாம்!

ஆகவே அவரும் அதே படிப்பில் சேர்ந்தார். கல்லாப்பெட்டியின்மேல் கைப்பேசியைச் சாய்த்து, அது சரியாதபடி ஸ்டேப்ளரை முட்டுக்கொடுத்து, இயந்திரத்துக்கும் திரைக்குமாய்க் கழுத்து சுழலச் சுழலக் கல்வி பயின்றார். திரையில் தோன்றிய இளம்தாடி ஆசிரியரோ, மூச்சுவிடுவது பாவமென்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் பேசினார். ‘ஹாஷ்’ என்றார், நாயகர் தலையாட்டினார். ‘நோடு’ என்றார்; அதற்கும் தலையாட்டினார். கூரிய சொற்கள் சரமாரியாக வந்து பாய, ஒன்றையும் உள்ளே விடாமல் அத்தனையையும் தலையாட்டியே தடுத்த அந்தத் தீரத்தை என்னவென்று புகழ்வோம்!

அப்போதுதான் ஒரு வாக்கியம் கவசத்தைத் துளைத்தது. “இந்தக் கணக்கோட காப்பி எல்லார்கிட்டயும் இருக்கும். ஒருத்தர் மாத்தினா, மத்த காப்பி எல்லாம் காட்டிக்கொடுத்துடும். அதான் பாதுகாப்பு!”

எழுந்தார் நாயகர், ஸ்டூல் பின்னால் விழுந்தது. “அடியே, இங்க வா! இது என் தொழில்டி! உலகமே இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு, நான் எத்தனை வருஷமா காப்பி போட்டுக்கிட்டிருக்கேன்!” என்று வீடு அதிரக் கூவினார். பாவம், அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்து நாளாகியிருந்தது.

அடுத்த பாடத்தில் ஒரு பயிற்சி வாலட், அதாவது கைப்பேசிக்குள் ஒரு பணப்பை, கொடுத்தார்கள். உள்ளே விளையாட்டுக் காசுகள். ஒரு மிட்டாய்கூட வாங்க உதவாதவை. அந்த வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு இரகசியச் சொற்கள். கடைசித் தேர்வில் அந்தக் காசுகளைக் காட்டினால்தான் சான்றிதழ். ஆசிரியர் அச்சொற்களைப் பற்றி மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயெடுத்த அதே கணத்தில், தடித்த புத்தகமொன்றுடன் கல்லூரிப்பெண் ஒருத்தி வந்து, “அண்ணா, முழுசும் ரெண்டு பக்கமா போடணும்” என்றாள். இயந்திரம் இரைந்தது. அந்த இரைச்சலில் அறிவுரை அழிந்தது. புத்தகம் முடிந்தபோது பாடமும் முடிந்திருந்தது. திருப்பிப் பார்க்கும் வழக்கம் நாயகருக்கு இல்லை.

பாதுகாப்பென்றால் காப்பி; காப்பியென்றால் நாம்! பன்னிரு சொற்களையும் வெள்ளைத்தாளில் எழுதினார், கண்ணாடிமேல் கவிழ்த்தார், பச்சொளி பாய்ந்தது. பிறந்தன பிரதிகள்! மனைவிக்கொன்று, மாமனாருக்கொன்று, பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கொன்று, நனையாதிருக்க லேமினேஷன் செய்து சகலைக்கொன்று. வாங்கிப் பார்த்த சகலை, “சூப்பர் ஐடியா சகலை!” என்று கட்டைவிரல் உயர்த்தினார். நாயகரின் மார்பு கடையை அடைத்தது.

சனிக்கிழமை தேர்வு. நாயகர் முகம் கழுவி, தலைவாரி, சட்டை மாற்றி, களம் புகுந்து வாலட்டைத் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை! துடைத்துவைத்த தட்டு! திரையில் சிவந்த எழுத்துகள்: ‘தேர்ச்சி இல்லை. இரகசியச் சொற்களை யாரிடமும் காட்டக்கூடாது என்பதை மீண்டும் படிக்கவும்.’

குலநாசம் செய்த கொடியவன் யார்? தொலைபேசியில் மாமனார் தாமே ஒப்புக்கொண்டார்: “மாப்ளே, நீங்க கொடுத்தீங்களேன்னு அந்த வார்த்தையெல்லாம் போட்டுப் பாத்தேன். என்னமோ அனுப்பவான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். எங்க போச்சுன்னு தெரியல.”

நாயகர் ஸ்டூலில் சரிந்தார். அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது, விளையாட்டுக் காசுக்கு யாராவது அழுவார்களா என்று கோபமும் வந்தது. பக்கத்தில் வந்து நின்ற மனைவி திரையைப் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “யாருக்கும் காட்டக்கூடாதாமே. அத்தானுக்கும்தானே ஒண்ணு கொடுத்தீங்க? பாஸ் பண்ணவராச்சே, அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சூப்பர்னு சொன்னார்.”

அவள் பசை டப்பாவைத் திறந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

விடிந்தது ஞாயிறு. வந்தார் சகலை! கூலிங் கிளாஸ் மின்ன, சென்ட் மணம் தெருமுனையிலேயே கட்டியங்கூற வந்தவர், சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துத் தாமே இயந்திரக் கண்ணாடிமேல் கவிழ்த்துவைத்தார். “என் நிஜ வாலட்டோட வார்த்தை சகலை. உங்க ஐடியா எனக்கு முன்னாடியே தோணாமப் போச்சு. பத்து காப்பி போடுங்க, எங்க கடையில எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்து வெச்சுடறேன். என் மொத்தக் காசும் இதுலதான் இருக்கு.”

திசைகள் திகைத்தன! எதிரியின் உயிர் நாயகரின் சுட்டுவிரலுக்கும் பச்சைப் பொத்தானுக்கும் இடையே ஊசலாடியது. கூடத்துச் சான்றிதழும் மடிந்த செய்தித்தாள்களும் அவமானங்களும் அணிவகுத்து வந்து ‘அமுக்கு, அமுக்கு’ என்று ஆர்ப்பரித்தன. விரல் எழுந்தது. பிறகு பொத்தானை விட்டு விலகி மூடியைத் தூக்கி, தாளை உருவி, மடித்து, சகலையின் பையிலேயே திணித்தது.

“காப்பி போடக்கூடாது சகலை. யாருக்கும் காட்டாதீங்க. நம்ம மாமனாருக்கு முக்கியமா காட்டாதீங்க.”

“ஏன்?”

மனைவி பசைக்கையோடு திரும்பிப் பார்த்தாள். விண்ணோர் மூச்சடக்கினர், இயந்திரம்கூடச் சூடாகும் இரைச்சலை நிறுத்திக் காதுகொடுத்தது. நாயகர் கண்ணை மூடினார். ஆயிரம் தலையாட்டல்களால் அரண் செய்திருந்த தொண்டைக்கோட்டையின் கதவு, துருப்பிடித்த தாழ் கிறீச்சிட, வாழ்நாளில் முதன்முறையாகத் திறந்தது.

“ஏன்னு எனக்குச் சரியாத் தெரியாது. நாங்க பணம் போடல. எனக்கு இதுல ஒண்ணுமே புரியல, சகலை.”

சகலை கூலிங் கிளாஸைக் கழற்றினார். தெருவை ஒருமுறை பார்த்தார். ஓரமாய்க் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

“எனக்கும்தான்” என்றார்.