மீட்டரும் வாசிப்பார், கிட்டாரும் வாசிப்பார்

மீட்டரோடு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, தன் சொந்தப் பெயரிலேயே சந்தேகம் வராமல் எழுந்து போன ஒரு மனிதரை நான் மாத்தளை மாவட்டத்தில் கண்டதில்லை. நான் அவரோடு ஒரே அறையில் இரண்டரை வருஷம் இருந்தவன். என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மின்சாரக் கந்தோரில் வேலை. பகலில் வீடு வீடாகப் போய் மீட்டர் வாசிப்பார். பின்னேரம் வந்து கட்டிலில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் மீட்டர். முழங்கை எங்கே முடிகிறது, கிட்டார் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத நெட்டையான ஒல்லி உடம்பு. ஊர் யாழ்ப்பாணம். நான் எல்கடுவத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கச்சேரியில் கிளார்க்காக இருந்தவன். கச்சேரி என்றால் அரசாங்கக் கச்சேரி. பாட்டுக் கச்சேரி எங்கள் அறையில் நடந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது.

அறை ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டின் பின்பக்கம். அவரை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். சாப்பாடும் அவர்தான் தந்தார்.

மீட்டர் பாடியதெல்லாம் சொந்தப் பாட்டு. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. சினிமாப் பாட்டுக் கேட்டால், "அதுக்கு ரேடியோ இருக்குத்தானே" என்பார். குரல் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி விஷயம் சொல்வது போல இருக்கும். ஆனால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு எழுந்து போக யாராலும் முடியாது.

பல்லேகம என்ற ஊர்ப் பெண்ணின் பாட்டைச் சொல்கிறேன். புருஷன் லொறியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். 'அவளுக்குக் கவலை' என்று மீட்டர் ஓர் இடத்திலும் பாட மாட்டார். முதல் நாலு நாளும் அவள் இரண்டு பேருக்கு அரிசி அளக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரு சுண்டு மட்டும் அளந்து பானையில் போடுகிறாள். அடுப்பை மூட்டப் போனவள் திரும்பி வந்து, இன்னும் ஒரு சுண்டு அளக்கிறாள். அந்த இடத்தில் மீட்டர் கையை நரம்பின் மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்திவிடுவார். அறை முழுக்க அரிசி விழுகிற சத்தம் கேட்கும். இல்லாத அரிசி! எனக்குக் கேட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் ராத்தா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அடுத்த நாள் காலையில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பக்கம் போனா இத அந்தப் புள்ளக்கிட்ட குடுத்திருங்க. பாவம், தனியா இருக்கு."

"கட்டாயம் குடுக்கிறன் ராத்தா" என்று மீட்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ராத்தா போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, நெசமாவே அப்படி ஒருத்தி இருக்காளா?"

"எங்கை?"

"பல்லேகமவுல!"

"நான் பல்லேகமவுக்குப் போனதே இல்லையே ஐசே."

அடுத்த கிழமை அதே பாட்டை மறுபடி பாடினார். இந்த முறை அந்தப் பெண் காலையில் கதவைத் திறக்கிறாள். வாசல்படியில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம். ஒன்றைத் தின்றுவிட்டு, புருஷன் வந்தால் காட்டுவதற்காகக் கொட்டையை யன்னலில் வைக்கிறாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ், கெடச்சிருச்சி" என்று ராத்தாவின் குரல் வந்தது.

பழத்தைத் தின்றது நானும் மீட்டரும். ராத்தாவை நாங்கள் ஏமாற்றினோமா, இல்லையா? இதை என்னால் இன்றைக்கும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பாட்டில் சீகிரியாவில் கால் நொண்டும் ஒரு வழிகாட்டி வருவார். வெள்ளைக்காரர்களை மலையடிவாரம் வரை கூட்டிப்போய், மேலே இருப்பதைக் கீழே நின்றே விவரிப்பார். ஏனென்றால் அவரால் ஏற முடியாது. நான் கந்தோர் வேலையாகச் சீகிரியாவுக்குப் போனபோது, சும்மா இருக்காமல், அப்படி ஒருவரைத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். தேத்தண்ணிக் கடைக்காரர் தெரியும் என்றார். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வீட்டைக் காட்டுகிறேன் ஏறுங்கள் என்றார். மூன்றாவது ஆள், "அவர் போன மாசம் செத்துட்டாரே" என்றார்.

இதை ஒரு பகிடியாக மீட்டரிடம் வந்து சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போனது. "செத்திட்டாரா? ஆர் சொன்னது? என்ன வருத்தம்?" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. தான் கற்பனையில் பெற்ற பிள்ளைக்குத் துக்கம் காக்கும் ஒருவரை எப்படித் தேற்றுவது? "வேற யாராவது இருக்கும் அண்ணே" என்றேன். "ஓம், வேறை ஆளாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கொஞ்சம் தெளிந்து, தண்ணீர் குடித்தார்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். பையோடு வந்த மனிதரின் பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது.

மீட்டருடைய கந்தோரில் ஓய்வு பெற்றுப் போன ஒரு பெரியவருக்குப் பிரியாவிடை. நானும் கூடப் போயிருந்தேன். மீட்டரையும் பாடச் சொன்னார்கள். வாழ்த்துப் பாட்டு ஏதாவது பாடியிருக்கலாம். அவர், யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து மாத்தளையில் இறங்கும் ஒரு மனிதனைப் பற்றிப் பாடினார். அவன் கையில் ஒரு பை. வழி கேட்கிறான். எல்லோரும் அவனுக்கு வழி சொல்கிறார்கள், பையைப் பார்த்துக்கொண்டே. பைக்குள் என்ன என்று பாட்டில் வராது. அந்தக் காலத்தில், அந்தச் சபையில், அந்தப் பாட்டு! யாரோ பாதியில் எழுந்து போனார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அதை விடுங்கள்.

சனிக்கிழமை காலை, நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது பொலிஸ் ஜீப் வந்தது.

"கிட்டார் அடிக்கிற மாத்தயா யாரு?"

மீட்டர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் போல. அவருடைய சிங்களம், "நாயைக் கட்டுங்கள், கேட்டைத் திறவுங்கள், மீட்டர் எங்கே" என்ற மூன்று வசனத்தோடு சரி. ராத்தா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "தம்பி, நீங்க கூடப் போங்க. அவரத் தனியா பேச விட்டா திரும்பி வர மாட்டாரு."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய எல்லோரும் திரும்பி வரவில்லை. நானும் ஏறினேன். மீட்டர் வழியில் தெரிந்த ஒவ்வொரு வீட்டையும் காட்டி, "இந்த வீட்டு மீட்டர் மேசைக்குப் பின்னாலை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். தூக்கம் இல்லாத முகம். மேசையில் ஒரு தாள், அதில் சிங்களத்தில் நாலு வரி.

"யாழ்ப்பாண பஸ்ஸில் ஒருவன் பையோடு வந்து இறங்கினானாம். யார் அவன்?"

நான் தமிழில் சொன்னேன். "ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றார் மீட்டர்.

"பைக்குள் என்ன?"

"அதுவும் தெரியாது."

இதையெல்லாம் சிங்களத்தில் சொன்னேன். "சேர், அப்படி ஓர் ஆளே இல்லை. அது வெறும் பாட்டு" என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஆளே இல்லையென்றால், அவன் பைக்குள் என்ன இருக்கிறதென்று இவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?"

நான் அதை மீட்டருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "நல்ல கேள்வி" என்றார்.

"அண்ணே, உடுப்புன்னு சொல்லுங்க. ரெண்டு சாரம், ஒரு சட்ட. முடிஞ்சிது. வீட்டுக்குப் போயிரலாம்."

"உடுப்பு இல்லை ஐசே."

"அப்ப என்னாதான் இருக்கு?"

"தெரியாது. ஆனா உடுப்பில்லை. அவர் அதைத் தூக்கிற விதத்திலையே தெரியுது."

"என்ன சொல்கிறார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யோசிக்கிறார் சேர்."

ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிக் கிட்டாரை எடுப்பித்தார்கள். ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். தலைகீழாகக் குலுக்கினார்கள். உள்ளேயிருந்து நரம்பு மீட்டுகிற சின்னத் தகடு ஒன்று விழுந்தது. "ஐயோ, இதை நாலு வருசமாத் தேடுறன்!" என்று மீட்டர் பாய்ந்தார். இரண்டு துவக்குகள் அவர் பக்கம் திரும்பின. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"முழுக்கப் பாடச் சொல். நீ ஒவ்வொரு வரியாகச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மீட்டர் வாங்கில் உட்கார்ந்து பாடினார். நான் பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னேன். முதல் வரியிலேயே பயத்தில் யாழ்ப்பாண பஸ்ஸைக் குருநாகல் பஸ்ஸாக்கிவிட்டேன். கிட்டார் நின்றது.

"நான் குருநாகல் எண்டு பாடேல்லையே."

"அண்ணே, சும்மா இருங்க."

"குருநாகல் பஸ் அந்தப் பக்கத்தாலை வராது ஐசே. கதை பிழைச்சுப் போம்."

"என்ன பிரச்சினை?" என்றார் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாண பஸ் என்று திருத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் நானும் பாட்டுக்குள் போய்விட்டேன்.

பையோடு வந்தவன் எல்கடுவப் பக்கம் நடக்கிறான். தேத்தண்ணிக் கடைக்காரர் பை தன் வாங்கில் படாமல் காலால் தள்ளி வைக்கிறார். வழியில் ஒருவர், வாயால் வலது பக்கம் என்று சொல்லிக் கையால் இடது பக்கம் காட்டுகிறார். மலை ஏற ஏற மழை பிடிக்கிறது. அவன் நின்று, தன் சட்டையைக் கழற்றி, பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நடக்கிறான். இதை மீட்டர் ஒரே ஒரு நரம்பைத் தட்டிக்கொண்டு பாடினார். மழை வேறு எப்படிப் பெய்யும் என்பது போல இருந்தது. உள்ளறையில் டெலிபோன் அடித்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. மூன்று கான்ஸ்டபிள்கள் சுவரோடு வந்து நின்றார்கள்.

கடைசியில் அவன் ஒரு தோட்ட லயத்துக் காம்பராவின் கதவைத் தட்டுகிறான். ஒரு பெண் திறக்கிறாள். அவள் பையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கிறாள்.

"நனைஞ்சிட்டீங்களே, உள்ள வாங்க."

அந்த ஒரு வரியை மீட்டர் தன் யாழ்ப்பாணத் தமிழில் பாடவில்லை. எங்கள் தோட்டத்துத் தமிழில் பாடினார். என் அம்மா சொல்லும் விதம், அதே இழுப்பு. எங்கே கேட்டார்? எப்போது பொறுக்கினார்? எனக்குத் தெரியாது. அந்த வரியைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. "பைக்குள் என்ன?" என்று அவர் மறுபடி கேட்டார். அதே கேள்விதான், ஆனால் இந்த முறை பொலிஸ்காரர் கேட்கவில்லை.

"ஐயா என்ன எண்டு நினைச்சியள்?" என்றார் மீட்டர். நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"காலையில் குண்டு என்று நினைத்தேன். அவன் சட்டையைக் கழற்றிச் சுற்றியதிலிருந்து, ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து."

"ரேடியோப் பெட்டி சேர்" என்றார் சுவரோரம் நின்ற ஒருவர். "மருந்து" என்றார் இன்னொருவர். "மருந்துக்கு அவ்வளவு பெரிய பையா?" என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார்.

மீட்டர் இவர்களைக் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் குனிந்து, "என்ன நிறம்?" என்று கேட்டார்.

"மண்ணிறம்" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகு தன் மேலேயே கோபம் வந்தவர் போல எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். "நான் கடைசி வரை கேட்டேன். எல்லோரும் கேட்க மாட்டார்கள். இந்தத் தாளின் பிரதி மேலே போய்விட்டது. இடமாற்றம் எடுத்துக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போகச் சொல்லு. சீக்கிரம்."

நான் அப்படியே தமிழில் சொன்னேன். மீட்டர் முதல் முறையாக யாரையும் குழப்பாமல் ஒரு கேள்வி கேட்டார். "எத்தினை நாளுக்குள்ளை?"

மூன்று கிழமையில் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. ராத்தா புரியாணி சமைத்துக் கட்டிக் கொடுத்தார். பஸ் நிலையத்துக்கு நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டரை வருஷமாக மனதில் கிடந்த ஒன்றை அங்கேதான் கேட்டேன்.

"மாத்தளையில உள்ளவங்க, இல்லாதவங்க எல்லாரையும் பாட்டுல போட்டீங்க. என்னய வச்சு ஒண்ணும் கட்டலியே அண்ணே?"

அவர் என் கையிலிருந்த கிட்டாரை வாங்கிக்கொண்டார்.

"உங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியுமே ஐசே. பிறகு என்னத்தைப் பாடுறது?"

அது பாராட்டா, குறையா? கேட்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. நாலந்தை வீதியில் திரும்பி மறையும் வரைக்கும் கையைத் தூக்கினேனா, அசைத்தேனா, என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "யாரு, சொந்தக்காரரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வவுனியாவிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு சண்டையில் பாதை மூடியது, திறந்தது, திரும்பவும் மூடியது. மூன்றாவது கடிதம் வரவில்லை. நான் எழுதியவையும் திரும்பி வரவில்லை.

பஸ் ஏறும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. ஒவ்வொரு தை பிறக்கும்போதும் நான் அதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தையோடு அவருக்கு எழுபத்தாறு.