ஜக்கையன் சிரிக்கும் வேலி

போடிநாயக்கனூர்

தேனியில் பிளெக்ஸ் அடித்துப் பிழைக்கும் என் தம்பி மகன் ஈஸ்வருக்குப் பெரியப்பா மொக்கச்சாமி எழுதுவது. நீ, உன் வீட்டில், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் சுகமாக இல்லை.

பக்கத்து வீட்டு ஜீப்பு டிரைவர் சின்ராசு தன் கேவலமான வேலியால் என் மகள், உன் தங்கச்சி சூர்யகலாவின் சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டான். நடந்த தப்பு இதுதான். இனி விவரம்.

என் கோழி அவன் ரோஜாச் செடியைக் கிண்டுகிறதாம், அதனால் வேலி. மனுஷன் போடுகிற வேலியா அது? ஏலத்தோட்டத்தில் மருந்து வந்த டிரம்மை வெட்டி நிமிர்த்திய தகரம், செத்துப்போன ஜீப்பின் பானெட்டு, கிழிந்த பச்சை வலை, ஒரு கட்டில் சட்டம். கேட்டுக்குப் பதிலாக ஃபிரிட்ஜ் கதவு. பிடியைப் பிடித்து இழுத்தால் ரப்பர் 'சப்' என்று விடுகிறது. உன் பெரியம்மா சோலையம்மாள் அதைத் திறந்துதான் அந்த வீட்டுக்குக் குழம்பு கொடுக்கிறாள். கிண்ணத்தை உள்ளே வைத்து மூடிவிடுவாளோ என்று எனக்குப் பயம். மிச்ச இடத்துக்கெல்லாம் பழைய பிளெக்ஸ். வார்டு மெம்பரிடம் புகார் சொல்லிக் கூட்டிவந்தேன். வேலியில் தன்னுடைய பிறந்தநாள் பிளெக்ஸ் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானண்ணே இருக்கு" என்று தலையை வாரிக்கொண்டு போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை சிலமலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், தோட்டம் துரவு உண்டு. கல்யாணத்துக்கப்புறம் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சு வேலையை விட்டுவிடணும் என்றார்கள், நான் சரி என்றேன். சூர்யகலா முடியாது என்றாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். கேசரி கிண்டியாச்சு, பஜ்ஜிக்கு மாவு கரைச்சாச்சு. வேன் தெருவுக்குள் திரும்புகிறது. என் வாசலை ஒட்டி, வேலி மூலையில், பத்தடி உயரத்தில் சின்ராசின் மாமனார் ஜக்கையன், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, சிரித்துக்கொண்டு நிற்கிறார்! அந்த மனுஷன் செத்து ரெண்டு வருஷமாச்சு. அந்த பிளெக்ஸை அடித்துக் கொடுத்தவன் நீ. நல்லாத்தான் அடிச்சிருக்க, தெரு முனையிலிருந்தே பல் தெரியுது.

சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு எவன் பூவும் பழமும் கொண்டுவருவான்? வேன் நிற்கவே இல்லை. அப்படியே பின்னால் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு அப்பா போன் போடுகிறார்.

"என்னங்க, துட்டியை மறைச்சுப் பொண்ணு காட்டப் பாத்தீகளா?"

"துட்டியெல்லாம் இல்லீங்க. அவரு செத்து ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமாவா பிளெக்ஸை அவுக்காம அழுதுக்கிட்டு இருக்கீக?" என்று வைத்துவிட்டார்.

அந்த வேன் டிரைவர் போகிற வழியில் டீக்கடையில், மொக்கச்சாமி வீட்டில் துட்டி என்று சொல்லி வைத்திருக்கிறான். சாயங்காலம் ராசிங்காபுரத்து உறவுக்காரங்க பதினோரு பேர் மாலையோடு பஸ்சில் வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் நான் நிற்பதைப் பார்த்து என் சித்தப்பா மகன், "நீ இருக்கியாண்ணே?" என்றான். அவ்வளவு ஏமாற்றம் அவன் குரலில். துட்டி வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று ஆரம்பித்தவர்கள், துட்டி இல்லை என்றதும் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள். மாலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

சின்ராசைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டா, உன் மாமனாருக்கு என் வாசல்தான் கெடச்சுச்சா?"

"அண்ணே, நான் வெள்ளைப் பக்கம் தெருவைப் பாக்கத்தான் கட்டுனேன். காத்துக்குத் திரும்பிருச்சு போல."

"நாலு மூலையும் கம்பி போட்டு முறுக்குன பிளெக்ஸை எந்தக் காத்துடா திருப்பும்?"

"குரங்கணி மலைக் காத்துண்ணே. ஒரு சோலி இருக்கு, வர்றேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டான். பொய் சொல்வதற்குக்கூட ஒரு தரம் வேண்டாமா?

ஆகவே செய்ய வேண்டியது. சின்ராசு அந்த வேலியை இந்த வாரத்துக்குள் ஆணி விடாமல் பிடுங்க வேண்டும். உன் பெரியம்மா அந்த வீட்டுக்குக் குழம்பு கொடுப்பதை நிறுத்த வேண்டும். நீ வெரசா சிலமலைக்குப் போய், எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லி அவர்களை மறுபடி கூட்டிவர வேண்டும். சூர்யகலா வேலையை விட எழுதிக் கொடுக்க வேண்டும். நான் யாரிடமும் இறங்கிப் போக மாட்டேன்.

உனக்குத் தொழில் பெருகட்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறட்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா மொக்கச்சாமி

பின்குறிப்பு: இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி சூர்யகலாவிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். "அப்பா, கம்பியை அவுத்து பிளெக்ஸைத் திருப்பிக் கட்டுனது நான்தான். வேலையை விடச் சொல்ற வீடு வேண்டாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்குனீகளா? ஜக்கையன் தாத்தா சொன்னதும் அவுக ஒரே தடவைல கேட்டுக்கிட்டாக" என்றாள். சோலையம்மாள் அடுப்படியில் சிரிக்கிறாள். அவளுக்கும் தெரிஞ்சிருக்கு.

வேலி அசிங்கம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நீ சிலமலைக்குப் போக வேண்டாம். கேட்டால் துட்டி இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடு. அடுத்த மாசம் கம்பத்திலிருந்து ஒரு வரன் வருகிறது. ஜக்கையனுக்குச் சாயம் வெளுத்துவிட்டது, அதே படத்தை இன்னும் ரெண்டடி கூட்டி நீ அடித்து அனுப்பணும். வெள்ளைப் பக்கம் தெருவுக்குத் தெரியும்படி சின்ராசு கட்டணும். வருகிறவர்கள் வேலையை விடச் சொல்கிறார்களா என்று முந்தின நாளே நான் போனில் கேட்பேன். சொன்னார்கள் என்றால், சூர்யகலா திருப்பணும்.