எறும்பண்ணாச்சி சீமைக்குப் போன கதை

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களிலே தலை நிமிர்ந்து நடந்தே அறியாத மனிதர் எங்கள் எறும்பண்ணாச்சி ஒருவர்தான். கூச்சத்தால் அல்ல. எறும்பெல்லாம் தரையில் போகிறதே, அதனால்.

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் அவரும் நானும் ஒரே அறை. ஒருநாள் கட்டெறும்பு கடித்து நான் துடிக்கிறேன். அவர் பென்சிலோடு ஓடி வந்தார். "கொஞ்சம் பொறும்வே. முதல்ல எரிஞ்சுதா, அரிச்சுதா?"

ஜெபத்தில் எல்லோரும் எழுந்தபிறகும் அவர் மட்டும் முழங்காலிலேயே இருப்பார். "இந்தப் பிள்ளையின் பக்தியைப் பாருங்கள்" என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். பெஞ்சுக்கடியில் ஒரு எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது பாதிரியாருக்குத் தெரியாது.

பட்டம் வாங்கியதும், டாக்டர் பட்டத்துக்கு எறும்பையே ஆராயப்போவதாகச் சொல்லி வெளிநாட்டில் இரண்டு இடங்களுக்கு எழுதினார். ராஜகுமாரர்கள் படிக்கும் இங்கிலீஷ் சர்வகலாசாலையிலிருந்து பொன்முத்திரை போட்ட பதில் வந்தது. இடம் உண்டு, விருந்துக்குக் கறுப்பு அங்கி கட்டாயம், எறும்பு அறிந்தவர் தற்சமயம் யாருமில்லை. மற்றது சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூர்ப் பேராசிரியரின் பதில். அண்ணாச்சி வரைந்து அனுப்பிய எறும்புப் படத்தில் மீசை தப்பு, இடுப்பு தப்பு, கண் இருக்கிறதா இல்லையா என்று வைதுவிட்டு, மறுபடி வரைந்து எடுத்துக்கொண்டு வா என்று முடித்திருந்தார்.

விடுதி இரண்டு கட்சியாயிற்று. நான் பொன்முத்திரைக் கட்சி. "பேரு பெருசா இருந்தா வேலை தேடி வரும், அண்ணாச்சி. அந்த மலையூரை யாருக்குத் தெரியும்?"

"வாஸ்தவம்தான்வே. ஆனா அந்தப் பெரிய இடத்துக்குப் போனா நான் தப்பா வரைஞ்சாலும் நல்லா இருக்குன்னு சொல்லிருவாவ. இவரு திட்டுதாருல்லா!"

சாத்தான்குளத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த அவருடைய அப்பாவைச் சமாளிக்க என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

"ஏலே, ராசா வீட்டுப் பிள்ளைய படிக்கிற இடத்தை விட்டுட்டு மாடு மேய்க்கிற மலைக்கா போற?"

அண்ணாச்சி பைய ஒரு கேள்வி போட்டார். "அப்பா, நீங்க யாவாரம் எங்க படிச்சிய?"

"தூத்துக்குடியில கப்பல்ல சரக்கு ஏத்துற பெரிய கடைக்குத்தான் கூப்பிட்டாவ. நான் போகலியே. ஆழ்வார்திருநகரியில ஒரு சின்ன மண்டியில சேர்ந்தேன். அந்த முதலாளி கருப்பட்டிய மோந்து பாத்தே எந்தப் பனைவிளையில காய்ச்சினதுன்னு சொல்லிருவாரு. அவருகிட்ட..." அவர் சட்டென்று நிறுத்தினார். தம் வாயாலேயே மாட்டிக்கொண்டது தெரிந்துவிட்டது. "போய்ட்டு வா. ஆனா கேக்குதவங்ககிட்ட நான் அந்தப் பெரிய இடத்துப் பேரைத்தான் சொல்லுவேன்."

அண்ணாச்சி போய்ச் சேர்ந்த மறுவருஷம் உலகச் சண்டை மூண்டது. திரும்ப வழியில்லை. ரொட்டி கிடைக்காத குளிர்காலங்களில் அந்தக் கிழட்டுப் பேராசிரியர் தம் வீட்டிலேயே அவரை வைத்துக்கொண்டு, தம் ரொட்டியில் பாதியைக் கொடுத்து, தின்னும்போதும் வைதாராம். அண்ணாச்சி எழுதிய ஆராய்ச்சியை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு, நாலாம் முறை வையாமல் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

சண்டை ஓய்ந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்தார் டாக்டர். மலையூரின் பெயரைப் படிக்கத் தெரியாமலே சென்னையில் இரண்டு கல்லூரிகள் வேலை இல்லை என்றன. கடைசியில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில்தான் வாத்தியார் வேலை கிடைத்தது. சாத்தான்குளத்துக்காரர்கள் அவர் பட்டத்தை நம்பி வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்தார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி. வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்துத்தான் பதில் சொன்னார். "சம்பளம் வாங்குத அன்னைக்கு இருக்குவே. மத்த நாள்ல, களக்காட்டு மலையில ஒரு எறும்பு இருக்கு, அது ஏன் ராத்திரி மட்டும் வருதுன்னு யோசிக்கவே நேரம் சரியாப் போகுது."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஆற்றங்கரைக்குச் சேர்ந்து போவோம். பத்தடிக்கு ஒருதரம் அவர் குனிந்து நிற்பார். எனக்கு அங்கே ஒன்றும் விளங்காது. அவர் நிற்கிறாரே என்று நானும் நிற்பேன்.