கையா, பொடியா?

காலை ஏழு மணிக்கே மைதானத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோர் கையிலும் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில். பொறுமையில்லாதவர்கள் குடத்தோடு வந்திருந்தார்கள். ஆசை பெரிதானவர் ஒருவர் டிராக்டரில் தொட்டியையே கட்டி இழுத்து வந்திருந்தார்.

எல்லாம் குளிர்கை ஐயாவைப் பார்க்கத்தான். மஞ்சளாகிப்போன மக்காச்சோளத்தை ஒரே வாரத்தில் பச்சையாக்குகிறவர். மண் அவரோடு பேசுமாம். மண் பேசி யாரும் கேட்டதில்லை; பேசியதாக ஐயா சொல்லி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அது போதாதா?

பாட்டிலை வாங்குவார். பச்சைப் பொடியில் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். கண்ணை மூடிக் குலுக்குவார். திருப்பித் தரும்போது பாட்டில் ஐஸ் போலக் குளிரும்.

"ஜில்லுனு இருக்குடி! ஐயா கைப்பட்டதும் எப்படிக் குளிருது பாரு!"

"பொடி சும்மா பேருக்கு. சக்தியெல்லாம் இந்தக் கையில" என்று ஐயா வலது கையைத் தூக்கிக் காட்டுவார். கூட்டம் விழுந்து கும்பிடும். காணிக்கைத் தட்டும் நிரம்பும்.

ஊர்க்கோடி ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு பெண் இருந்தாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் பட்டினிக்காரி. மக்காச்சோளத்தைப் பட்டினி போடுவதுதான் அவளுடைய வேலை. ஒரு வயலுக்குப் பன்னிரண்டு வருடமாக அவள் தழைச்சத்து உரமே, அதாவது நைட்ரஜனே, காட்டவில்லை. மற்ற சத்தெல்லாம் உண்டு, அது ஒன்று மட்டும் கிடையாது. அந்த ஏழை மண்ணில் நூற்றுக்கணக்கான ரகங்களை விதைப்பாள். அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருண்டதைக் கழித்துவிடுவாள். அரை வயிற்றோடும் கதிர் பிடித்ததை எடுத்து ஒன்றோடொன்று இனக்கலப்பு செய்வாள். உரம் வாங்க முடியாதவனுக்கும் ஒரு விளைச்சல் வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

அந்த வருடம்தான் அப்படிப்பட்ட விதை தயாரானது. நாற்பது விவசாயிகள் போட்டுப் பார்க்கிறோம் என்று பெயர் கொடுத்தார்கள். ஐயா வந்த இரண்டே வாரத்தில் முப்பத்தாறு பேர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் இருக்கும்போது விதை எதற்கு?

ஒரு நாள் காலை குறிப்பேட்டோடு வயலுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வரிசை கருகருவென்று பச்சை. பட்டினி கிடக்கும் வீட்டுக்குள்ளிருந்து ஏப்பச் சத்தம் கேட்டது போல இருந்தது அவளுக்கு.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், என் வயலுக்குள்ள போனீங்களா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "போன வாரம் போனேம்மா. உன் பயிர் சோகை பிடிச்சு நிக்குது. பாக்க மனசு கேக்கல. ஐயாகிட்ட வாங்கின மூணு பாட்டிலை ஊத்திட்டு வந்தேன். உன்கிட்ட சொன்னா வேணாம்ப."

"பன்னெண்டு வருஷமா பட்டினி போட்ட இடத்துல பந்தி வெச்சிட்டீங்களே அத்தான்!"

"திட்டாதடி" என்றாள் அக்கா. "தன் வயலுக்கு வாங்கினதைத்தான் உனக்கு ஊத்தியிருக்காரு."

பட்டினிக்காரிக்கு அழுகை முட்டியது. அந்த மூன்று வரிசையும் இந்தப் பருவத்துக்குப் பாழ். ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"அத்தான், அந்த மண்ணுல இல்லாதது ஒண்ணே ஒண்ணு. தழைச்சத்து. அது கிடைச்சாத்தான் அங்க மஞ்சளான பயிர் பச்சையாகும். அப்ப அந்தப் பாட்டில்ல என்ன இருந்திருக்கும்?"

"அருள்" என்றார் அத்தான்.

"யூரியா."

"யூரியா வெள்ளையா குருணையா இருக்கும். இது பச்சைப் பொடி. வாசனை வேற."

"இடிச்சா பொடி. சாயம் போட்டா பச்சை. செண்டு தெளிச்சா வாசனை."

"அப்ப குளிர்றது?"

அவள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே இருந்த உர மூட்டையிலிருந்து இரண்டு கை யூரியாவை அள்ளி ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். "தொட்டுப் பாருங்க."

அத்தான் தொட்டார். சொம்பு குளிர்ந்தது. யூரியாவைக் கரைத்தால் குளிரும் என்பது அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வருடா வருடம் வாளி வாளியாகக் கரைத்த கைகள்தானே! தெரிந்ததை எல்லாம் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள்.

அத்தான் சொம்பைத் தள்ளி வைத்தார். "அந்த மைதானத்துல ஐயா முன்னால நான் அழுதேனேம்மா" என்றார் மெதுவாக.

மறுநாள் மைதானத்தில் பட்டினிக்காரி கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். சக்தி கையிலயா, பொடியிலயா?"

"கையிலதாம்மா! எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப எங்க வயல்ல மஞ்சளா நிக்கிற ஒரு வரிசைக்குப் பொடி இல்லாம, கையால மட்டும் தண்ணி மந்திரிச்சுக் குடுங்க. பக்கத்து வரிசைக்கு உங்க பொடியைப் போட்டு எங்க அத்தான் குலுக்கட்டும். எட்டு நாள் பாப்போம்."

ஐயா பதில் சொல்வதற்குள் கூட்டம் ஆரவாரம் செய்துவிட்டது. "ஐயா கை ஜெயிக்கும்!" பக்தர்கள் சில நேரம் இப்படித்தான், எதிரியை விட மோசமாகக் கழுத்தை அறுப்பார்கள்.

கூட்டம் வயலுக்கு நகர்ந்தது. ஐயா வெறும் தண்ணீரைக் கால்மணி நேரம் குலுக்கினார். பாட்டில் குளிரவில்லை. "வெயில் ஜாஸ்தி" என்றார். அத்தான் பொடியைப் போட்டு, மந்திரம் தெரியாததால் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக் குலுக்கினார். ஈரெட்டு பதினாறில் பாட்டில் ஜில்லிட்டது. இரண்டையும் இரண்டு வரிசைக்கு ஊற்றி வேலிக் கதவைப் பூட்டினார்கள். சாவி, ஐயாவின் முதல் பக்தரான பள்ளிக்கூட வாத்தியாரிடம்.

ஊரைவிட்டுக் கிளம்ப ஐயா இரண்டு முறை முயன்றார். வாசலில் எப்போதும் நூறு பேர் கும்பிட்டபடி வழிமறித்து நின்றார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் வயலுக்கே வந்துவிட்டார்.

"மண்ணைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும். கதவைத் திற."

வாத்தியார் பயபக்தியோடு கதவைத் திறந்தார். ஐயா குனிந்து உள்ளே நுழையும்போது மடியிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்து பிரிந்தது. பச்சைப் பொடி.

வாத்தியார் பொடியைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். "கையிலதான் சக்தின்னா, மடியில எதுக்கு ஐயா இது?"

வாழ்க்கையில் அவர் மாணவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். சொந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். பொட்டலத்தை அள்ளி முடிந்துகொண்டு, ஐயாவை வெளியே நிறுத்திக் கதவை மறுபடி பூட்டினார்.

எட்டாம் நாள் ஊரே வேலியோரம் நின்றது. ஐயா கை வைத்த வரிசை எலுமிச்சம்பழ மஞ்சள். அத்தான் வாய்ப்பாடு சொன்ன வரிசை கரும்பச்சை.

எல்லோர் கண்ணும் ஐயா பக்கம் திரும்பியது. ஐயா அசரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தைரியசாலி. "அதோ பாருங்க! இந்த ரெண்டுக்கும் அந்தப் பக்கம், யாரும் எதுவும் ஊத்தாத அந்த மூணாவது வரிசை! அது எப்படிப் பச்சையா நிக்குது? என் அருள் அங்க பாய்ஞ்சிருக்கு!"

"அது எங்க விதை ஐயா" என்றாள் பட்டினிக்காரி. "நீங்க ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு. நோட்டுல தேதி போட்டு எழுதியிருக்கேன். பன்னெண்டு வருஷம் பட்டினியில தாக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கி எடுத்தது. அதுக்கும் கொஞ்சம் சத்து வேணும், மந்திரம் எல்லாம் இல்ல. கிடைக்கிற கொஞ்சத்தை வீணாக்காது. அவ்வளவுதான்."

அதற்குள் வாத்தியார் பொட்டலத்துப் பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டியிருந்தார். ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக அசடு வழிந்தது.

"அட, யூரியா!" என்று முதலில் கத்தியவர் உரக்கடைக்காரர். அவரும் நான்கு பாட்டில் வாங்கியிருந்தார்.

ஐயாவை யாரும் அடிக்கவில்லை. காணிக்கையைத் திருப்பித் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். வாங்கும்போது நின்றதைவிட ஒழுங்கான வரிசை. அது முடிந்ததும், ஒரு வாரமாக வழிவிடாத கூட்டம் உடனே வழிவிட்டது.

சாயங்காலம் பண்ணை வாசலில் விதை கேட்டு எண்பது பேர் வந்தார்கள். முதல் ஆளாக அத்தான். அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் வாங்கிய விதைப் பையைப் பட்டினிக்காரியின் முன்னால் பயபக்தியோடு நீட்டினார்.

"அம்மா, விதைக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை இதுமேல கைய வெச்சுக் குடுத்துட்டா..."

பட்டினிக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் கை எதுக்குங்க? உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மாவே உக்காந்திருக்கு பாருங்க, அதுக்குக் கொஞ்சம் வேலை குடுங்க!"