முழுப்பேருக்கு நின்ற கோல்கீப்பர்

சவுக்குமலைத் தோட்டம்,
பதுளை.
14.07.2006

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி மதியழகனுக்கு,

அக்கா ஜெயலெட்சுமி எழுதுவது. நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். இங்கு நான், உன் மச்சான், தனுஜா மூவரும் சுகம். மச்சானுக்கு முழங்கால் மட்டும் குளிர் நாட்களில் சொன்னபடி கேட்பதில்லை. அங்கு கனடாவில் நீயும் லதுஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்றுதான் போன ஞாயிறு காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் லதுஷா போன் எடுத்தாள். எடுத்ததும் அழுகைக் குரல். "மச்சாள், இவர் ரெண்டு நாளாச் சாப்பிடுறார் இல்லை, வேலைக்கும் போகேல்லை, நீங்கள் சொன்னால்தான் கேப்பார்" என்றாள். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, யாரும்மா, உங்க வீட்டுப் பக்கமா என்று கேட்டேன். இல்லை மச்சாள், கோல்கீப்பர் என்றாள். நான் வாசல்படியிலேயே உக்காந்துட்டேன். இவ்வளவு சின்ன வயசுல என்னம்மா வந்துச்சுன்னு கேட்டா, அந்த மனுசன் நல்லாத்தான் இருக்காராம், வேற ஊர் டீமுக்கு மாத்திட்டாங்களாம், அதுக்குத்தான் என் தம்பி சோறு தண்ணி இல்லாமக் கெடக்கானாம்.

பிறகு நீ போனை வாங்கி எல்லாத்தையும் சொன்ன. ஒரு வருஷம் ஐஸ் ஹொக்கியே நடக்காமக் கதவடைச்சுப் போட்டாங்க, அதுக்குப் பிறகு ஒரு டீம் இவ்வளவுக்கு மேல சம்பளம் குடுக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, கோல் போடுறவன் ஒருத்தனைத் தக்க வைக்கிறதுக்காக உன் கோல்கீப்பரைத் தள்ளிவிட்டுட்டு, சம்பளம் கொறைஞ்ச ஒரு பொடியனை எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்ன. "நம்ம ஆளுக்கா அவரு, எப்படிக்கா மனசு வந்துச்சு"ன்னு நீ கேட்டப்ப நான் போனைக் கீழ வெச்சுட்டேன். லைன் கட்டாயிருச்சுன்னு நீ நெனச்சிருப்ப. லைன் நல்லாத்தான் இருந்துச்சு, இதை எழுதித்தான் சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னா இதே அநியாயம் நம்ம வீட்டுலயே நடந்திருக்கு தம்பி. நீ அப்ப குவைத்துல இருந்த. மச்சானுக்கு மடுல்சீமைப் பக்கம் கொஞ்ச நாள் வேலைன்னு மட்டும்தான் உனக்கு எழுதினோம். என்ன வேலைன்னு எழுதல.

தொண்ணூத்து மூணோ நாலோ, இங்க தோட்டத்தை நடத்துற பெரியதொரைக்கு உதவியா ஒரு சின்னதொரை வந்தாரே, படிக்கிற காலத்துல ஹொக்கி ஆடினவரு, மட்டைகளை ஜீப்புல போட்டுக்கிட்டே வந்து எறங்கினாரே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். பேக்டரிக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம கிரவுண்டு ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கும், பந்து கீழ உருண்டா தேயிலைக் கொழுந்து மலைக்குள்ள போயிரும், கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க கூடையில போட்டுக்கிட்டு வந்து குடுக்கணும். உங்க மச்சானால ஓட முடியாது, அது உனக்கே தெரியும், பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார். அதனால சின்னதொரை அவரைக் கோல்ல நிக்க வெச்சார். காலுக்குக் கட்ட ஒண்ணும் இல்லைன்னு நம்ம வீட்டுத் தலையணை ரெண்டையும் சாக்குக்குள்ள வெச்சுத் தைச்சுக் குடுத்தேன், அதுக்குப் பிறகு ரொம்ப நாள் நாங்க துணி மூட்டையிலதான் தலை வெச்சுப் படுத்தோம். ஆனா மனுசன் நின்னா மலை மாதிரி நிப்பார். பந்து வந்து அவர் மேல மோதிட்டு, அதுவே வெக்கப்பட்டுத் திரும்பிப் போகும்.

சுத்துவட்டத் தோட்டங்க எல்லாம் டீம் போட்டுச்சு, வருஷத்துக்கு ஒரு கோப்பைன்னு ஆச்சு. அதுக்குப் பிறகுதான் வெனை. நல்லா ஆடுறவனை ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துலருந்து இழுக்கும். ஒருத்தனுக்குக் குடியிருக்கச் சீமெந்துத் தரை போட்ட காம்பரா, இன்னொருத்தனுக்கு வாச்சர் வேலை. ஹொக்கி பழகப் போற நாளைக்கும் வேலை செஞ்ச மாதிரியே பேர் போட்டாங்க. நாள் முழுக்க வேலைன்னா ஒரு பேர், பாதி நாள்னா அரைப்பேர், பேர் விழுந்தாத்தான் சம்பளம்னு உனக்குச் சொல்லணுமா, ஆனா அந்தப் பனிக்குள்ள இருந்து மறந்திருப்ப. கொழுந்து எடுக்க ஆள் இல்லை, மட்டை புடிக்க ஆள் இருக்குன்னு கொழும்பு ஆபீஸுல சத்தம் போட்டாங்க. உடனே பெரியதொரைமார் எல்லாம் கூடி, ஒரு தோட்டம் மாசத்துக்கு மொத்தமா நாப்பது நாள் பேருக்கு மேல ஹொக்கிக்குன்னு போடக்கூடாதுன்னு ஒரு சட்டம் வெச்சாங்க. உன் கனடாக்காரங்க இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க, எங்க பெரியதொரைமார் தொண்ணூத்தாறுலயே கண்டுபிடிச்சுட்டாங்க.

நம்ம டீமுக்கு ஸ்ரீஸ்கந்தராஜா கிளாக்கரையாதான் செயலாளர். யாழ்ப்பாணத்து மனுசன், கணக்குல புலி, ஹொக்கின்னா உசிரு. மச்சானுக்கு முழுப்பேர் போட்டுக்கிட்டிருந்தார். அப்ப அன்பழகன்னு ஒரு பொடியன் கோலா அடிச்சுத் தள்ளுவான், அவன் திடீர்னு எனக்கும் முழுப்பேர் வேணும், இல்லாட்டி வேற தோட்டத்துக்குப் போறேன்னு நின்னுட்டான். நாப்பதுக்குள்ள எடமில்லை. கிளாக்கரையா தீந்துபோன கலண்டர் பேப்பரை எல்லாம் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பாத்தார். கடைசியில மடுல்சீமை ஆனைக்கல் தோட்டத்துல பேர் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சு, முழுப்பேர் வாங்குற எங்க வீட்டுக்காரரை அங்க குடுத்துட்டு, அரைப்பேர் வாங்குற அவங்க கோல்கீப்பர் கஜேந்திரனை இங்க எடுக்கிறதுன்னு முடிவாச்சு. வெட்டி எடுத்த அரைப்பேர் அன்பழகனோட அரைப்பேரோட சேந்து முழுப்பேரா ஆச்சு.

எனக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல வெச்சுத்தான் சேதி தெரிஞ்சுச்சு. நேரா ஆபீஸுக்குப் போயிட்டேன். கிளாக்கரையா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்னார்.

"பிள்ளை, உம்மட மனுசனை நாங்கள் விக்கேல்லை. கணக்கு இடம் குடுக்குதில்லை, அவ்வளவுதான்."

"மாடு மாத்துறவங்ககூடக் கன்னு எங்க போவுதுன்னு கேப்பாங்கய்யா. எங்களை யாரும் கேக்கலையே"ன்னேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். சரி, வீட்டுக்குப் போய் மனுசனை உசுப்பிவிட்டு வேணாம்னு சொல்ல வைப்போம்னு வந்தா, உங்க மச்சான் லயத்து வாசல்ல நாலு பேரைக் கூட்டி வெச்சுக்கிட்டு, என் சம்பளத்தை ஒரு தோட்டமே தாங்க முடியலைன்னு பெருமை பேசிக்கிட்டிருக்கார். அதுக்கு மேல நான் யாரோட சண்டை போடுறது சொல்லு.

தனுஜாவுக்கு அது அஞ்சாம் வகுப்பு, ஸ்கொலர்ஷிப் எழுதுற வருஷம். எனக்கு இங்க வேலைக்குப் போறவங்க பிள்ளைகளைப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவுல வேலை, அங்க அந்த வேலை இல்லை, கொழுந்துக்குத்தான் போகணும். லொறியில சாமானை ஏத்தி அந்த ரோட்டுல போனோம் பாரு, சட்டி பானை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாந்தி ஒரு பக்கம். போய் எறங்கினா ஒரே மூடுபனி. பக்கத்துக் காம்பராக்காரி பேர் என்ன, மொகம் என்னன்னு தெரியவே மூணு நாளாச்சு. பனிக்குள்ள பந்துன்னு நெனச்சு மச்சான் கணக்கப்பிள்ளையோட தொப்பியை ஒதைச்சு, தொப்பி பள்ளத்துல போயி, அந்த மாசம் பூரா கணக்கப்பிள்ளை எனக்கு உச்சி மலையிலதான் வேலை குடுத்தார். ஒதைச்சது ஒருத்தர், ஏறினது நான். தனுஜா பள்ளிக்கூடத்துல ஒரு மாசமா யார்கூடயும் பேசல. ஒரு நாள் வந்து, "அம்மா, அப்பாவைத்தானே மாத்தினாங்க, என்னை ஏன் மாத்தினாங்க"ன்னு கேட்டா தம்பி. அன்னைக்கு மச்சான் பெருமை பேசுறதை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு வெளியில போய் நின்னார். பனியில அவர் நிக்கிறதுகூட எனக்குத் தெரியல, இருமல் சத்தம்தான் கேட்டுச்சு.

இப்படியே மாசங்கள் போயி, கோப்பைக்கான கடைசி ஆட்டம் பதுளையில வந்துச்சு. யாருக்கும் யாருக்கும்னு கேட்டா, சவுக்குமலைக்கும் ஆனைக்கல்லுக்கும். ரெண்டு தோட்டத்துலருந்தும் லொறி லொறியா ஆள் வந்துச்சு. நான் தனுஜாவோட ஒரு மரத்தடியில உக்காந்தேன். பக்கத்துல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்து, மூச்சு வாங்கிக்கிட்டே உக்காந்தா. பேர் இராக்கம்மா, கஜேந்திரன் பொஞ்சாதியாம். அவ இருக்கிறது என் காம்பராவுல, நான் இருக்கிறது அவ காம்பராவுல. அவதான் முதல்ல, அக்கா உங்க அடுப்புல பொகை எந்தப் பக்கம் போகும், எனக்குப் புரியவே மாட்டேங்குதுன்னா. நான் சிரிச்சுட்டேன். கூரைத் தகரத்துல ஒரு மடிப்பு இருக்கு, அதைத் தூக்கிவிடும்மான்னேன். தலைப்பிள்ளை, தாய் வீடு ஆனைக்கல்லுல, சவுக்குமலையில பாக்க ஆள் இல்லைன்னு சொல்லும்போது அவ கண்ணு கலங்கிருச்சு.

ஆட்டம் தொடங்குச்சு. கத்தணும்னா யாருக்குக் கத்துறது? எங்க வீட்டுக்காரர் நிக்கிறது அந்தப் பக்கம், எங்க ஊர் ஆடுறது இந்தப் பக்கம். அவளுக்கும் அதே கதி. ரெண்டு பேரும் வாயில முந்தானையை வெச்சுக்கிட்டு இருந்தோம். அன்பழகன் அடிச்ச அத்தனை பந்தையும் மச்சான் என் தலையணையால தடுத்தார். அந்தப் பக்கம் கஜேந்திரன் ஒண்ணை விட்டுட்டான். பாவம், பந்து கிட்ட வந்தா அவர் கண்ணை மூடிக்குவாருக்கா, அதனாலதான் அரைப்பேருன்னு இராக்கம்மாவே சொன்னா. ஆனைக்கல் செயிச்சிருச்சு. ஆனா கை தட்டினது பூரா சவுக்குமலைச் சனம், மச்சானைப் பாத்து நம்ம முருகையா நம்ம முருகையான்னு. கிளாக்கரையா கிரவுண்டுக்குள்ள எறங்கி வந்து மச்சான் கையைப் புடிச்சார்.

"உம்மை மாத்தினது கணக்கில சரி, முருகையா. மனதிலதான் சரி வரேல்லை."

மச்சான் கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நான் அழல. நான் இராக்கம்மாவைப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா. நான் தனுஜா கையைப் புடிச்சுக்கிட்டுப் போய் சவுக்குமலை லொறியில ஏறி உக்காந்துட்டேன். அவ மெல்ல மெல்ல நடந்து போய் ஆனைக்கல் லொறியில ஏறிட்டா. எறங்கச் சொன்னாங்க. முடியாதுன்னேன். நீங்க கோல்கீப்பரைத்தான் மாத்தினீங்க, என்னை மாத்தலை, நான் என் வீட்டுக்குப் போறேன்னேன். அந்தப் பக்கம் ஏழு மாசக்காரியை யார் தொட்டு எறக்குறது? சின்னதொரை பெரியதொரையைப் பாக்க, பெரியதொரை கிளாக்கரையாவைப் பாக்க, அவர் வானத்தைப் பாத்தார். லொறி கெளம்பிருச்சு. கொஞ்ச தூரம் போனதும் பின்னால ஒரே சத்தம். திரும்பிப் பாத்தா, பஸ்ஸுக்குக்கூட ஓடாத உங்க மச்சான், கால்ல தலையணையோட ஓடி வர்றார்.

அப்படித்தான் நாங்க வந்து சேந்தோம், கஜேந்திரனும் பொஞ்சாதி பின்னாலயே ஆனைக்கல்லுக்குப் போயிட்டான். பேர் கணக்கு மறுபடி இடிச்சுச்சு. மச்சான் அரைப்பேருக்கு ஒத்துக்கிட்டார், ஆனா அரைப்பேருக்குக் கோல்ல ஒரு பக்கம்தான் காப்பேன், மத்தப் பக்கத்தைக் கிளாக்கரையா பாத்துக்கிடட்டும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். நின்னதென்னவோ ரெண்டு பக்கமும்தான். அன்பழகன் அடுத்த மாசமே வேற தோட்டத்துக்குப் போயிட்டான். இராக்கம்மாவுக்கு ஆம்பளப் பிள்ளை. தனுஜா ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணல, ஆனா இப்ப நம்ம பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறா. சின்னதொரை மாறிப் போனதும் ஹொக்கியும் போச்சு, கிரவுண்டுல தேயிலைக் கன்னு வெச்சுட்டாங்க. அந்த வழியா நடக்கும்போது மச்சான் ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் நின்னுட்டுத்தான் வருவார். கோல் இருந்த எடம். நானும் எதுவும் கேக்காமக் கூடவே நிப்பேன். அந்த வருஷங்கள்ல வசதின்னு ஒண்ணும் இல்லை தம்பி, ஆனா சாயந்தரமானா ஒரு தோட்டமே ஒரு பந்தைப் பாத்துக்கிட்டு நின்னோம்.

அதனால சொல்றேன், எழுந்து குளிச்சுச் சாப்பிடு. ஆளை மாத்துறது அவங்க தொழில், அதுக்காக நாம பட்டினி கெடக்கக்கூடாது. கணக்குன்னு வந்துட்டா மனுசன் பேர் அதுல ஒரு வரிதான். அழணும்னா அந்தக் கோல்கீப்பருக்காக அழாத, அவர் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிருவார். அவர் பொஞ்சாதி இப்ப எந்த லொறியில ஏறி உக்காந்திருக்காளோ, அதை நெனச்சு ஒரு சொட்டு விடு, போதும். இந்த ஹொக்கிப் பைத்தியம் நம்ம குடும்பத்துக்கு இனி வேணாம். மச்சானும் மட்டையைத் தொடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார்.

லதுஷாவுக்கு என் அன்பு. அவளை அழவிடாதே. மாரியம்மன் உங்கள் இருவரையும் குளிரிலும் பனியிலும் காத்து, நேரத்துக்குப் பசியையும் கொடுப்பாளாக.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜெயலெட்சுமி முருகையா

பி.கு: கவரை ஒட்டப் போற நேரத்துல ஆனைக்கல்லுலருந்து ஆள் வந்துட்டாங்க. அங்க பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹொக்கி டீம் போடுறாங்களாம், பழக்கிக் குடுக்க மச்சான் வேணுமாம். இவர் சத்தியத்தை மறந்துட்டு சட்டை மாட்ட ஆரம்பிச்சுட்டார். சும்மா அனுப்ப நான் என்ன மடச்சியா? சனி ஞாயிறு ரெண்டு நாளும் முழுப்பேர், போக வர வேன், எனக்கும் அதுல ஒரு சீட், பதிலுக்கு அவங்க பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சரை வாரத்துல ஒரு நாள் தனுஜா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு கேட்டேன். டீச்சரைக் குடுக்கிறது கஷ்டம்னாங்க. அப்ப கோல்கீப்பரும் கஷ்டம்னேன். குடுத்துட்டாங்க. ஆகவே ஹொக்கி வேணாம்னு மேலே எழுதின புத்திமதியை லதுஷாவுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டு, நானே அதை மீறிட்டேன். உன் டீம்ல இனி யாரையாவது மாத்துறதா இருந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அக்காவுக்கு ஒரு போன் எடுக்கச் சொல்லு.