கூர்செவியும் எட்டு விநாடி மௌனமும்

உறவு பார்த்து விமர்சனம் எழுதுவதில்லை என்று கண்ணாடிக்காரர் உறுதி பூண்ட அதே வாரத்தில்தான் அவருடைய மகள் தன் முதல் பாட்டை அவரிடம் கொடுத்து, "உண்மையைச் சொல்லுங்கப்பா" என்றாள். உலகத்தில் எந்த மகளும் எந்த அப்பாவிடமும் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். மாலையில் 'கூர்செவி'. அந்தப் புனைபெயரில் பதினோரு ஆண்டுகளாக, ஞாயிறுதோறும், தனியாட்கள் சொந்தமாக வெளியிடும் புதிய இண்டி, எலக்ட்ரோ-பாப் பாட்டுகளைப் பற்றி இணையத்தில் எழுதிவருகிறார். அவர் வயதுக்காரர்கள் பலர் பழைய பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள, இவர் நேற்று வெளியான பாட்டுக்காகச் சண்டைக்கு நிற்பார். நல்ல ரசிகர், மறுப்பதற்கில்லை. தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று அஞ்சுவதுபோலப் பாடும் இன்றைய பாடகிகளை அவருக்குப் பிடிக்கும். மின்னிசைக் கருவியான சின்தசைசர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு படுக்கையறைக்குள்ளேயே ஓர் ஊர்வலம் நடத்திவிடுகிறவர்களை இன்னும் பிடிக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடும் பாட்டுகளைப் பிடிக்காது. களைப்பே அறியாத இயந்திர டிரம்முக்காக யார் கவலைப்படுவார்கள் என்று கேட்பார்.

இரண்டாண்டுகளாக அவருக்கு ஒரு பெருங்கொள்கை வேறு முளைத்திருந்தது. புதிய இசையில் கூர்மையான ஒலிகளே இல்லை. எல்லாவற்றின்மீதும் போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். இந்தத் தலைமுறைக்குக் கூச்சம், ஆகவே அதன் இசைக்கும் கூச்சம். இதற்கு 'மங்கல் யுகம்' என்று பெயர் சூட்டினார். வாசகர்கள் நானூற்றுச் சொச்சம் பேரும் ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தொட்டவர்கள்.

ஆமாம் போடாத ஒரே வாசகி அவர் மனைவி. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியை. சனிக்கிழமை காலையில் கணவரின் கட்டுரையைப் பிழை திருத்தித் தருவது அவர் பொறுப்பு. எழுத்துப்பிழையைத் திருத்தலாம், கருத்துப்பிழையில் கைவைக்க அனுமதியில்லை. அந்தச் சனிக்கிழமை அவருடைய சிவப்புப் பேனா முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. அங்கே மகளின் பாட்டைப் பற்றி இப்படி இருந்தது: 'முதல் எட்டு விநாடிகளுக்கு ஒன்றுமே இல்லை. இதற்கு மௌனம் என்று பெயரில்லை, சோம்பல் என்று பெயர்.'

"எட்டு விநாடி ஒண்ணுமே கேக்கலையா?"

"இருந்தாத்தானே கேக்கறதுக்கு? நாலு தடவை போட்டுப் பாத்தாச்சு."

"அவ உங்க பொண்ணுங்க."

"கூர்செவிக்குப் பொண்ணு கிடையாது."

"அதையும் அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. மூணு நாளா உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கா."

அந்த எட்டு விநாடியில் இருந்தது என்னவென்று பேராசிரியைக்குத் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், கட்டிலும் மேசையும் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஒரு வாடகை அறையில் அவர்கள் குடியேறியபோது, கண்ணாடிக்காரரின் சொத்து ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும். யாரோ நண்பர், இன்னொரு நண்பரின் பிரதியிலிருந்து பிரதியெடுத்தது. பாட்டு தொடங்குமுன் அதில் ஓர் இரைச்சல் வரும். பக்கத்து அறையில் யாரோ மெதுவாகக் காகிதம் பிரிப்பதைப்போல. இவர் விரலால் மேசையில் எண்ணுவார். மனைவி விடைத்தாள்களைக் கீழே வைத்துவிட்டு, "வரப்போகுது" என்று கிசுகிசுப்பார். பிறகுதான் சின்தசைசர். பாட்டைவிட அந்தக் காத்திருப்புத்தான் நன்றாக இருந்தது என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. மகள் அந்த இரைச்சலை அப்படியே எடுத்துத் தன் பாட்டின் தலையில் வைத்திருந்தாள். அப்பா அடையாளம் கண்டுகொள்வார் என்று காத்திருந்தாள்.

போன மாதம் கண்ணாடிக்காரர் அதே கேசட்டைப் போட்டுவிட்டு, பழைய நாடா வயது ஏற ஏறப் பக்குவப்பட்டுவிட்டது, இரைச்சலெல்லாம் தானாக அடங்கிவிட்டது என்று பெருமைப்பட்டிருந்தார். அப்போது தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரைச்சல் கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

மாடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவுங்கள் என்றும் நான்கு மாதமாகப் பேராசிரியை சொல்லிவந்தார். அதுவும் கணவர் காதில் விழவில்லை. விழாதது பாதி, விழாததுபோல் இருந்தது பாதி. இரண்டையும் பிரித்தளக்கும் கருவி இயற்பியலிலும் இல்லை. காதைக் காட்டலாமே என்று ஒருமுறை நேராகவே கேட்டார். கூர்செவிக்கா காதுப் பரிசோதனை என்று கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் அன்றைய பேச்சு முடிந்துபோயிற்று.

ஆகவே இப்போது பேராசிரியை நேர்வழியைக் கைவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, தம் பழைய மாணவி ஒருத்தி மின்னணு ஒலிகளை வைத்து ஏதோ செய்கிறாள் என்றார்.

"என்ன மாதிரி?"

"வெறும் தனித்தனி சுரம். தாளமில்ல, குரல் இல்ல. சத்தம் புகாத அறையில ஒருத்தர் மட்டும் உக்காந்து ஹெட்போன்ல கேக்கணும். சுரம் கேக்கறப்பல்லாம் ஒரு பொத்தானை அழுத்தணும்."

"கேக்கறவனும் படைப்புல ஒரு பங்கு." கண்ணாடிக்காரரின் கண்கள் மின்னின.

"அப்படியும் சொல்லலாம்."

பேராசிரியை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மீதியைக் கணவரே தயாரித்துக்கொண்டார்.

மதியம் இருவரும் மாணவியின் இடத்துக்குப் போனார்கள். கூடத்தில் முதியவர்கள் மூவர் காத்திருந்தார்கள். எலக்ட்ரோ-பாப் இந்த வயதையும் எட்டிவிட்டதே என்று கண்ணாடிக்காரர் நெகிழ்ந்தார். சுவரில் காதின் உட்புறத்தை வெட்டிக் காட்டும் படமொன்று தொங்கியது. துணிச்சலான நவீன ஓவியம் என்று தலையசைத்தார். வெள்ளை மேலங்கி அணிந்த மாணவி அவரைக் கண்ணாடிச் சன்னல் வைத்த சிற்றறையில் உட்கார்த்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது நிமிடம் பக்தியோடு பொத்தானை அழுத்தினார்.

வெளியே வந்தபோது முகமே மாறியிருந்தது. மகளுடைய பாட்டுக்கான பக்கத்தில் இதையும் சேர்த்து எழுதப்போவதாகவும், மௌனம் என்றால் என்னவென்று அவள் இங்கே வந்து கற்கவேண்டும் என்றும் அறிவித்தார்.

"கனமான சுரங்கள்ல தொடங்கி, படிப்படியா மேல ஏறி, உச்சத்துக்குப் போகப் போறோம்னு நெனைக்கறப்ப அப்படியே நிறுத்தினீங்க பாருங்க. முழுசா ரெண்டு நிமிஷம். ஒரு சத்தம் இல்ல. அந்தத் தைரியம் இப்ப யாருக்கும்மா இருக்கு?"

மாணவி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சார்," என்றாள் அவள் மெதுவாக, "நான் எங்கயுமே நிறுத்தலை. அந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கறதுலயே அதிகமான சுரம் வாசிச்சேன்."

வரைபடத்தை நீட்டினாள். கோடு கனமான சுரங்கள்வரை சமதரையில் நடந்து, கூர்மையான சுரங்கள் தொடங்கியதும் படிக்கட்டில் உருண்டதுபோல் இறங்கியிருந்தது. மங்கல் யுகம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அவள் பென்சிலால் வட்டமிட்டும் காட்டினாள்.

இரண்டாண்டுக் கட்டுரைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்காரர் முகத்தில் வந்து போயின. கடைசியில், இந்த வயதில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதா என்றார்.

"இதுல வெக்கப்பட என்னங்க இருக்கு?" என்றார் பேராசிரியை. "இது கொறை இல்ல, ஒரு அளவு. அளவுக்கு ஏத்தத மாட்டிக்கிட்டா உலகம் தன்னால தெளிஞ்சிடும்."

அது கண்ணாடிக்காரர் தம் கடையில், முதன்முதலாகக் கண்ணாடி போடத் தயங்குகிற ஒவ்வொருவரிடமும் இருபத்தேழு ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாசகம். ஓர் எழுத்தும் பிசகவில்லை. எதிர்த்துப் பேசினால் நாளை கடையைத் திறக்க முடியாது. காதை நீட்டினார். மாணவி சோதித்துப் பார்க்க ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கேசட்டைப் போட்டார். இரைச்சல் வந்தது. பக்கத்து அறையில் யாரோ காகிதம் பிரித்தார்கள். கதவு முழுதாகத் திறக்காத அறை, விடைத்தாள் கட்டு, மேசைமேல் தட்டிக்கொண்டிருந்த தம் மெலிந்த விரல். பாட்டு வருவதற்குள் நிறுத்தினார். பிறகு மகளின் பாட்டைப் போட்டார். அதே காகிதம், அதே எட்டு விநாடி.

விரல் தானாக எண்ணத் தொடங்கியது. ஏழு என்றபோது பின்னாலிருந்து யாரோ, "வரப்போகுது" என்று கிசுகிசுத்தார்கள். அதுவும் கேட்டது. அவர் திரும்பவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே விமர்சனத்தைத் திருத்தி எழுதினார்: 'முதல் எட்டு விநாடிகளுக்கு இணையான ஒன்றை நான் கேட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மீதி மூன்று நிமிடம் பரவாயில்லை.'

மகள் இரண்டு முறை படித்தாள். "பரவாயில்லைன்னு போட்டிருக்கீங்களேப்பா."

"பரவாயில்லைதான். டிரம்மு களைக்கவே மாட்டேங்குது."

அவள் சிரித்தபடி அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். இந்த வீட்டில் இவ்வளவு சின்னச் சின்ன ஒலிகளா என்று கண்ணாடிக்காரர் வியந்தபடி நாற்காலியில் சாய்ந்தார். குழாய் சொட்டியது. கடிகாரம் நடந்தது. இரண்டு அறை தள்ளி, முதுகைக் காட்டி நின்றபடி, தமக்குத்தாமே பேசிக்கொள்ளும் குரலில் பேராசிரியை சொன்னார்:

"மாடித் தொட்டி."

"இதோ, நாளைக்குக் காலையிலயே கழுவிடறேன்" என்று பதில் சொல்லி முடித்த பிறகுதான், தமக்கு அது கேட்டிருக்கக் கூடாது என்பது கூர்செவிக்கு உறைத்தது.