ரிசர்வ் அணிக்காரர்

எங்கள் ஊரில் கால்பந்துப் பைத்தியம் பல ரகம். அதில் அபூர்வமான ஒரு ரகம் ரிசர்வ் அணிக்காரர்; கிளப்பின் பெரிய அணியை விட்டுவிட்டு, அதற்கு ஆள் தயார்பண்ணும் இரண்டாம் அணியை மட்டும் பார்க்கிறவர். பெரிய அணி ஆடும் ஞாயிற்றுக்கிழமை இவரை மைதானத்தில் பார்க்க முடியாது. சனிக்கிழமை உச்சி வெயிலில், டிக்கெட்டே இல்லாத ஆட்டத்துக்கு, ஆட்டக்காரர்களின் அம்மாக்களும் ஒரு நாயும் மட்டும் உட்கார்ந்திருக்கும் கேலரியில், வறுத்த பூசணி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டு ஒருவர் நடுவரைத் திட்டுகிறாரா? அவர்தான்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தோன் நாபோர்; பெரியவர்களை மரியாதையாகத் ‘தோன்’ என்போம். என் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் நாங்கள் ஒருவருக்கொருவர் ‘கொம்பாத்ரே’. அதனால் ஓடவும் முடியாது. எங்கள் ஊர் சலினேரோஸ் கிளப்பின் ரிசர்வ் அணிக்கு முதலில் என்ன பெயர், எப்போது கலைத்தார்கள், மறுபடி சேர்த்து யாருக்கு விற்றார்கள், வாங்கியவன் ஜெர்சி, கோல் வலை, பயிற்சியாளர் எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி எந்த ஊருக்குக் கொண்டுபோனான், அது எப்படி வேறு பெயரில் திரும்பி வந்தது, எல்லாம் சொல்வார். நீங்கள் மணி கேட்டாலும் இதுதான் பதில். கோப்பை வென்ற வருஷம் வந்ததும் எழுந்து நின்றுவிடுவார். வென்றும் மேல் பிரிவுக்கு ஏறவில்லை. பெரிய அணி அங்கே இருக்கும்போது அதன் ரிசர்வ் ஏறக்கூடாது; சட்டம். அண்ணன் சாப்பிடும் பந்தியில் தம்பிக்கு இலை கிடையாது.

அதைவிடப் பெரிய தொல்லை, நன்றாக ஆடுகிறவனைப் பெரிய அணி கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே இவர் பிரார்த்தனையே தனி. அணி ஜெயிக்கவேண்டும், ஆனால் யாரும் ரொம்ப நன்றாக ஆடிவிடக்கூடாது. எந்தப் புனிதர்தான் என்ன செய்வார், பாவம்?

போன சீசனில் இசாவ்ரோ வந்தான். இடது கால்காரன். பந்து அவன் காலில் பட்டால் நாபோர் விதை மெல்வதை நிறுத்திவிடுவார். "மொதல்ல சொன்னது யாருன்னு ஞாபகம் வச்சுக்கங்கடா" என்று மதுக்கடையில் மேசைமேசையாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பெரிய அணியின் பயிற்சியாளர், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, அவ்வளவு காலி இடம் இருக்க, நாபோர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பதினொண்ணாம் நம்பர் எப்படிங்க?"

நாபோருக்கு விதை தொண்டையில் சிக்கியது. "அவனா? ஐயோ வாத்தியாரே! எடது காலு ஒண்ணுதான். வலது காலு சும்மா ஷூ மாட்டிக்க. தலையால முட்டும்போது கண்ண மூடிக்குவான். திரும்பறதுக்கு முன்னாடி தோளை எறக்குவான், எந்தப் பக்கம் போறான்னு அந்த நாய்க்கே தெரியும்."

"வேற?"

"வேறயா? நல்லா சாஞ்சு உக்காருங்க!"

மறுபக்கம் உட்கார்ந்திருந்த நான் அவர் விலாவில் இடித்தேன். "யோவ் கொம்பாத்ரே, போன வாரம் அவனைத் தெய்வம்னியே?"

"வாய மூடிட்டு விதையத் தின்னு."

பயிற்சியாளர் எழுந்து போனதும் எனக்கு பியர் வாங்கிக் கொடுத்தார். தலையாட்டித் தலையாட்டிச் சிரித்தார். "பையனக் காப்பாத்திட்டேன்."

புதன்கிழமை மதுக்கடை டிவியில் இசாவ்ரோ, பெரிய அணி ஜெர்சியில். பக்கத்தில் அதே தொப்பி. "ரிசர்வ் ஆட்டத்துல ஒரு பெரியவர் இவன் குறையை எல்லாம் ஆட்டம் முடியறவரைக்கும் சொன்னாரு. ஒரு மனுஷன் இன்னொருத்தன இவ்வளவு உத்துப் பாக்கறார்னா, அவன்கிட்ட ஏதோ இருக்குல்ல? எடுத்துட்டேன்."

கடை அதிர்ந்தது. "தோன் நாபோர்!" என்று கத்தினான் கடைக்காரன் திபூர்சியோ. "கண்டுபிடிச்சது நீங்கதானா?"

ஆயுசு முழுக்க அவர் ஏங்கிய கேள்வி. நாபோர் கிளாசுக்குள் பார்த்தார்.

"நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

அடுத்த சனிக்கிழமை புதிதாக வந்த தடுப்பாட்டக்காரன் ஒருவன் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை எடுத்துக்கொண்டு போனான். நாபோர் விதை மெல்வதை நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "சுத்த மோசம்" என்றார், என்னிடமே.

சிரிக்கிறீர்களா? சரி. உங்களுக்கு மட்டுமே தெரிந்த சின்னச் சாப்பாட்டுக்கடை ஒன்று இருக்கும். எப்படி என்று யாராவது கேட்டால், "பரவாயில்ல, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்பீர்களா, மாட்டீர்களா? என்பீர்கள் என்றால் சனிக்கிழமை எங்கள் கேலரிக்கு வாருங்கள். நாபோருக்கு அந்தப் பக்கம் இடம் காலி. விதை மட்டும் உங்கள் செலவு.